பூ பார்த்துச் சொல்கிறவர்

எங்கள் குடியிருப்பில் என்னைச் செயலாளராகத் தேர்ந்தெடுத்த கூட்டத்துக்கு நான் போகவில்லை. போகாததால்தான் தேர்ந்தெடுத்தார்கள். மந்தைவெளியில் மூன்று மாடி, பன்னிரண்டு வீடு, பெயருக்கு ஒரு லிஃப்ட். தண்ணீர் வராவிட்டாலும் என் கதவைத்தான் தட்டுவார்கள், தொட்டி நிரம்பி வழிந்தாலும் என் கதவைத்தான் தட்டுவார்கள். அந்த வருஷங்களில் எனக்கு வந்த புகார்களில் பாதி, இரண்டாவது மாடி டாக்டரம்மாவைப் பற்றியவை. இப்போது அவர் இங்கே இல்லை. கோத்தகிரிப் பக்கம் வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டார். புகார்களும் பாதியாகக் குறைந்துவிட்டன. எனக்குத்தான் பொழுது போகமாட்டேன் என்கிறது.

டாக்டரம்மா என்றால் ஊசி போடுகிற டாக்டர் இல்லை. கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். மலைமேல் இருக்கும் புல்வெளிகளில், இதுவரை யாரும் பெயர் வைக்காத செடிகளைத் தேடிப் பிடித்து, அளந்து, வரைந்து, விவரம் எழுதி, உலகத்துக்குச் சொல்வது அவர் வேலை. ஓய்வு பெற்றபிறகும் அதையேதான் செய்துகொண்டிருந்தார். ஒல்லியான உருவம். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு சின்ன லென்ஸ் தொங்கும். தூரத்திலிருந்து பார்க்கிறவர்கள் தாயத்து என்றுதான் நினைப்பார்கள்.

அவர் குடிவந்த அன்று, பேச்சுக் கொடுக்கலாமே என்று, வாசலில் தானாக முளைத்திருந்த ஒரு செடியைக் காட்டி, "இது என்ன செடி மேடம்?" என்று கேட்டேன்.

"பூ இருக்கா?"

"இல்லையே."

"அப்போ தெரியாது. பூ பார்த்துத்தான் சொல்லணும்."

செடி விஷயத்தில் ஒருவர் ஜாக்கிரதையாக இருப்பது நல்லதுதானே என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் டாக்டரம்மாவுக்கு எல்லாமே செடிதான் என்பது போகப்போகத் தெரிந்தது. லிஃப்டில் ஒரு சத்தம் வருகிறதே, பெரிய ரிப்பேராக இருக்குமோ என்று கேட்டால், "இப்பவே எப்படிச் சொல்றது? முழுசா நிக்கட்டும், பார்க்கலாம்" என்பார். லிஃப்டும் அவர் சொன்னபடி முழுசாக நின்றது. என் மகளைப் புதிய பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது, "நல்ல ஸ்கூல்தானே மேடம்?" என்று ஒரு ஆறுதலுக்குத்தான் கேட்டேன். "இப்பத்தானே இலை விட்டிருக்கா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் அதை வீட்டில் சொல்லப்போக, என் மனைவி ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. அதை அவர் கவனித்த மாதிரியும் தெரியவில்லை.

ஒரு தடவை கேட்டே விட்டேன். "ஏன் மேடம், இலையைப் பார்த்துச் சொல்லக்கூடாதா?"

"இலை ஏமாத்தும் சார். ஒரே மாதிரி இலை நூறு செடிக்கு இருக்கும். தண்ணி கிடைச்சா அகலமாகும், வெயில் அடிச்சா சுருங்கும். ஆளுக்குத் தகுந்தபடி பேசும். பூ மட்டும்தான் பொய் சொல்லாது."

இந்தக் கொள்கையை அவர் கீரை வாங்குவதில்கூட விடவில்லை. தெற்கு மாடவீதியில் ஒரு கீரைக்கார அம்மாள். ஒருநாள் நான் கூடவே நின்றேன். எல்லாரும் இளசாகத் தேடிக்கொண்டிருக்க, இவர் கட்டுகளைப் பிரித்துப் பிரித்துப் பூவைத் தேடினார்.

"இன்னாமா தேட்ற?"

"பூத்த கட்டு இருக்கா?"

"பூத்த கீரைய எவன்மா வாங்குவான்? மாடுகூட மோந்து பாத்துட்டுப் போய்டும்."

"நான் வாங்கறேன்."

அந்த அம்மாள் இவரை ஏற இறங்கப் பார்த்தாள். அன்றிலிருந்து முற்றிப்போன, தள்ளிப்போட வேண்டிய கட்டெல்லாம் டாக்டரம்மாவுக்கென்று தனியாக ஒதுக்கிவைக்கப்பட்டது. நல்ல விலைக்கும் விற்றது. பூவை லென்ஸில் பார்த்துவிட்டு நார் நாராக இருந்த அந்தக் கீரையை மசித்தும் சாப்பிட்டார். பல் கெட்டியான பரம்பரை.

வினை எங்கே வந்தது என்றால், பூ பார்த்துச் சொல்வது என்பதற்கு நம் ஊரில் இன்னொரு அர்த்தம் இருக்கிறது. கல்யாணமோ, வீடு வாங்குவதோ, மனசில் ஒரு குழப்பம் என்றால் வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டிச் சாமி முன்னால் போட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். எது வருகிறதோ அதுதான் உத்தரவு. எங்கள் வாட்ச்மேன், யாரோ கேட்டதற்கு, "ரெண்டாவது மாடில ஒரு அம்மா கீறாங்க, பூ பாத்துதான் எதையும் சொல்வாங்க" என்று சொல்லிவைத்தான். அவன் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

முதலில் வந்தவள் பட்டினப்பாக்கத்திலிருந்து கூடையோடு வரும் மீன்காரம்மா. எங்கள் வீட்டுக்கு வாடிக்கை. அவள் மகளுக்கு இரண்டு இடத்திலிருந்து கேட்டிருந்தார்கள். ஒன்று, அவளுடைய சொந்தத் தம்பி. இன்னொன்று, சாந்தோமில் ஆட்டோ ஓட்டும் பையன். தம்பிக்கு வெள்ளை, ஆட்டோவுக்குச் சிவப்பு என்று கட்டி, இரண்டு பொட்டலத்தையும் நேராக டாக்டரம்மாவிடம் கொண்டுவந்துவிட்டாள். அந்த நேரம் பார்த்து நான் தண்ணீர் மீட்டர் பார்க்க அங்கே நின்றுகொண்டிருந்தேன்.

"யம்மா, நீயே பாத்து ஒரு வார்த்த சொல்லுமா. என் பொண்ணு வாள்க்கை உன் கைல கீது."

டாக்டரம்மா அந்தக் கடைசி வாக்கியத்தைக் காதில் வாங்கவில்லை. பூ என்றதும் காது அடைத்துவிடும். பொட்டலங்களைப் பிரித்தார். லென்ஸை எடுத்தார். பிளேடு கொண்டுவந்து இரண்டு பூவையும் நெடுக வெட்டினார். மீன்காரம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ரொம்ப நேரம் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு டாக்டரம்மா நிமிர்ந்தார்.

"ரெண்டும் அரளி. ஒரே செடிதான். நிறம்தான் வேற. உள்ளே எந்த வித்தியாசமும் கிடையாது."

மீன்காரம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "கரீட்டு. கரீட்டா சொல்ட்டமா. ரெண்டும் ஒண்ணுதான். ரெண்டும் குடிகாரப் பசங்க. எனக்குத்தான் இத்தினி நாளா கண்ணு தெர்ல."

இரண்டு இடத்தையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். மகள் லேப் டெக்னீஷியன் படிப்பை விடாமல் முடித்தாள். "அந்தம்மாவுக்கு பாட்டனியில எவ்வளவு ஆர்வம் பாருங்க, சொன்னதும் டக்குனு புரிஞ்சுக்கிட்டாங்க" என்று டாக்டரம்மா என்னிடம் சிலாகித்தார். நன்றிக்கடனாக மீன்காரம்மா வாராவாரம் நல்ல வஞ்சிரமாகப் பார்த்துக் கொண்டுவந்து கொடுத்தாள். டாக்டரம்மா சைவம். அதனால் தாவரவியலின் பலனை எங்கள் வீட்டில்தான் குழம்பு வைத்துச் சாப்பிட்டோம்.

அதற்கப்புறம் வெள்ளிக்கிழமை வந்தால் மாடிப்படியில் வரிசை நின்றது. முதல் மாடி மாமா கொதித்துவிட்டார். மாமாதான் எங்கள் பொருளாளர். விடியற்காலையில் ஒரு கொக்கித் தடியும் பிளாஸ்டிக் கூடையுமாகக் கிளம்பித் தெருவில் இருக்கிற அத்தனை வீட்டுப் பூவையும் பூஜைக்குப் பறித்துக்கொண்டு வருவார். சுவரைத் தாண்டி வெளியே எட்டிப் பார்த்த பூ பொதுச்சொத்து என்பது அவர் சட்டம். சில பூக்களைச் சுவரைத் தாண்டச் செய்யத்தான் கொக்கி.

"ஏம்ப்பா செக்ரட்டரி, குடித்தனக்காரா இருக்கற எடத்துல குறி சொல்லிண்டு உக்காந்திருக்கா, நீ பார்த்துண்டு இருக்கியே. போறாக்கொறைக்கு அந்த அம்மா ஆத்து ஏசி தண்ணி என் மடி வேஷ்டி மேல சொட்டறது."

குறி விஷயத்தை நான் ஒரு நோட்டீஸ் ஒட்டி முடித்துவிட்டேன். ஏசி விஷயம் அவ்வளவு சுலபமாக முடியவில்லை. ஏனென்றால் அந்த ஏசி டாக்டரம்மாவுக்காக ஓடவில்லை. ஒரு செடிக்காக ஓடிக்கொண்டிருந்தது. செடிக்கு ஏசி, அவருக்கு ஃபேன். அக்னி நட்சத்திரத்தில் செடி இருந்த அறைக்குள் போகும்போது சால்வை போர்த்திக்கொண்டு போவார், வெளியே வந்து வியர்வையைத் துடைத்துக்கொள்வார்.

அந்தச் செடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்லிக்கொள்கிற மாதிரி ஒன்றும் இருக்காது. நாலு இலை, அதுவும் புல் மாதிரி. மண்ணுக்குள்ளே சின்ன உருளைக்கிழங்கு அளவுக்கு ஒரு கிழங்கு. மலை உச்சிப் புல்வெளியில், முதல் மழைக்குப் பிறகு கொஞ்ச நாள் மட்டும் தலைகாட்டிவிட்டு மறுபடி மண்ணுக்குள் போய்விடுமாம். "அந்தப் புல்வெளியைப் பார்த்துட்டு எல்லாரும், 'ஒண்ணுமே இல்லையே, சும்மாதானே கிடக்கு, மரம் நடலாமே'ன்னுதான் சொல்வாங்க. குப்புறப் படுத்துப் பார்க்கணும் சார்" என்பார். அவர் நிஜமாகவே குப்புறப் படுத்துத்தான் பார்ப்பார். ஒருமுறை அப்படிக் கிடந்தபோது வனக்காவலர் ஒருவர் பிணம் என்று நினைத்து வயர்லெஸ்ஸில் தகவல் சொல்லிவிட்டார். டாக்டரம்மா தலையைத் தூக்கி "என்னங்க?" என்றதும் ஓடியே போய்விட்டாராம்.

அந்தச் செடியில் அவர் பார்த்தது இலையும் காயும்தான். பூ இல்லை. புதுசு என்று மனசு சொன்னது. ஆனால் மனசு சொல்வதை எழுதி அனுப்ப முடியாதே. அனுமதி வாங்கி ஒரே ஒரு கிழங்கைக் கொண்டுவந்தார். அந்தப் பயணத்தில் முழங்கால் போயிற்று. இனி மலை ஏறக்கூடாது என்று எலும்பு டாக்டர் சொல்லிவிட்டார். ஆகவே அவருக்கு இருந்தது அந்த ஒரு தொட்டி, அந்த ஒரு கிழங்கு. மூன்று வருஷமாக இலை விட்டது, வாடியது, விட்டது. ஒவ்வொரு வருஷமும் கிழங்கு கொஞ்சம் சுருங்கியது. "இந்தத் தடவை பூக்கலைன்னா அடுத்த தடவை கிழங்கு இருக்காது" என்று அவர் சொன்னபோது முகத்தில் சிரிப்பு இல்லை.

இதையெல்லாம் மாமாவிடம் எடுத்துச் சொன்னேன். அவர் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஒன்றைப் பிடித்துக்கொண்டார். "புதுச் செடின்னா பேர் வைக்கணுமே. யார் பேரை வைப்பா?"

"யார் பேரை வேணும்னாலும் வைக்கலாமாம். தன் பேரைத் தானே வெச்சுக்கறது மட்டும் மரியாதை இல்லையாம்."

மாமா மறுநாள் மேலே ஏறிப்போய், இந்தக் குடியிருப்புக்குத் தான் ஆற்றிய சேவைகளை விளக்கிவிட்டு, பெயர் விஷயமாக ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்டிருக்கிறார். டாக்டரம்மா, "பூ பார்த்துட்டுச் சொல்றேன்" என்றிருக்கிறார். மாமா அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். ஏசி தண்ணீருக்கு அடியில் தானே ஒரு வாளி வைத்தார். மூன்றாவது மாடிக்காரருக்கும் அதே பதில், அதே நம்பிக்கை. உண்மையைச் சொன்னால் எனக்கும் ஒரு ஆசை இருந்தது. மீட்டர் பார்க்கும் சாக்கில் வாரம் இரண்டு முறை போனேன்.

ஆவணி மாதத்தில் ஒருநாள் மொட்டு வந்தது. தண்டு நுனியில் ஒன்று, அதற்குக் கீழே கடுகளவு இன்னொன்று. டாக்டரம்மா கட்டடம் முழுக்கச் சொல்லிவிட்டார். நுனி மொட்டு நாளைக்கு மலரும் என்று இருந்த அன்று சாயந்திரம் பார்த்து ஏசி நின்றது. மேற்கு மாம்பலத்திலிருந்து மெக்கானிக் காலையில்தான் வருவேன் என்றுவிட்டார். விடிகிற நேரத்தில் அறை வெந்துபோக, கடல் காற்று வருகிற மாடிப்படி ஜன்னலில் தொட்டியை வைத்துவிட்டு, மொட்டு முழுசாக விரிவதற்குள் ஒரு வாய் காபி போட டாக்டரம்மா உள்ளே போனார்.

திரும்பி வந்தபோது பூ இல்லை. காம்பு மட்டும் இருந்தது.

நான் போனபோது அவர் படியில் உட்கார்ந்திருந்தார். "மூணு வருஷம் சார்" என்று மட்டும் சொன்னார். அவர் அழுது நான் பார்த்ததில்லை. அன்றைக்கும் அழவில்லை. லென்ஸைப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே இருந்தார். அந்தச் சமயம் பார்த்து என் செல்போன் அடித்தது. முதல் மாடி மாமி.

"செக்ரட்டரி சார், எங்காத்துப் பூஜை ரூம்ல எலி செத்துக் கெடக்கு. நாத்தம் கொடலைப் பிடுங்கறது. சாம்பிராணி போட்டும் போகலை. எலி எங்கேன்னுதான் தெரியலை."

அதை நான் சொன்னதும் டாக்டரம்மா எழுந்த வேகத்தில் முழங்கால் வலி எங்கே போயிற்று என்று தெரியவில்லை. "நாத்தமா? செத்த எலி நாத்தமா?" என்று சந்தோஷமாகக் கேட்டார். இந்த வகைப் பூவெல்லாம் ஈயை வரவழைக்க அழுகல் வாசனை விடுமாம். மாமாவுக்கோ கொரோனாவில் போன மூக்கு திரும்பி வரவே இல்லை.

பூஜை அறையில் வெண்கலப் பிள்ளையார். அவர் உச்சந்தலையில், சந்தனத்தில் அழுத்தி, நகத்தளவு ஒரு பழுப்புப் பூ. மாமா அர்ச்சனை முடித்து எழுந்திருந்தார்.

"மாமா, அது என் பூ."

மாமாவின் முகம் வெளுத்தது. படி ஜன்னலில் எட்டிப் பார்த்த பூ யாருடையது என்று அரையிருட்டில் அவர் கவனித்திருக்கவில்லை. ஆனாலும் விடவில்லை. "ஸ்வாமிக்குச் சாத்தியாச்சு. இனிமே அது யாருதும் இல்லை. நாளைக்குக் கார்த்தால நிர்மால்யம் எடுக்கறச்சே தரேன்."

"நாளைக்கா? இன்னும் கொஞ்ச நேரத்துல வாடிடும் மாமா."

"நான் என்ன பண்ணுவேன்? சாத்தினதை நடுவுல எடுக்கப்படாது." கொஞ்ச நேரம் கையைப் பிசைந்தார். பிறகு, "சரி, அவரையே கேட்டுடலாம். பூ கட்டிப் பார்ப்போம். வெள்ளை வந்தா எடுத்துக்கோங்கோ" என்றார்.

கூடையிலிருந்து ஒரு வெள்ளை அரளி, ஒரு சிவப்பு அரளி. வாழை இலைக் கிழிசலில் சுற்றிப் பிள்ளையார் முன்னால் போட்டார். மந்தைவெளியில் பாதிப் பேருடைய அரளியை வெட்டிப் பார்த்த டாக்டரம்மா கண்ணை மூடிக்கொண்டு, ஒன்றை எடுத்தார். பிரித்தார்.

சிவப்பு.

மாமாவே சங்கடத்தில் தலையைக் குனிந்துகொண்டார். டாக்டரம்மா அந்த அரளியையே பார்த்துக்கொண்டிருந்தார். வாதாட அல்ல, வேறு சொல்ல ஒன்றும் இல்லாமல், பழக்க தோஷத்தில், "ரெண்டும் ஒரே செடிதான்" என்று முணுமுணுத்தார்.

வாசற்படியில் புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்ற மாமி அதைச் சட்டென்று பிடித்துக்கொண்டாள். "கேட்டேளான்னா? படிச்சவா சொல்லிட்டா. ரெண்டும் ஒண்ணுதான். வெள்ளைன்னாலும் ஒண்ணு, சிவப்புன்னாலும் ஒண்ணு. மேடம், நீங்க எடுத்துண்டு போங்கோ."

"அடியே, பிள்ளையார் கோச்சுண்டா?"

"அவரா கோச்சுப்பார்? அவ்வளவு பெரிய மூக்கை வெச்சுண்டு இத்தனை நாழி எப்படித்தான் தாங்கிண்டு உக்காந்திருக்காரோ. முதல்ல அவரைக் காப்பாத்துங்கோ."

டாக்டரம்மா இடுக்கியால் பூவை எடுத்தார். நாங்கள் எல்லாரும் பின்னாலேயே மேலே போனோம். அவர் மைக்ராஸ்கோப்பில் குனிந்தார். அறையில் சத்தமே இல்லை, நாற்றம் மட்டும் இருந்தது. திடீரென்று, "புள்ளி!" என்றார். "உள்பக்கம் பூரா சிவப்புப் புள்ளி! ஒவ்வொரு ரோமத்துக்கு அடியிலயும்! இந்தக் கூட்டத்துல எந்தச் செடிக்கும் புள்ளியே கிடையாது. புதுசு. புதுசுதான்!"

டாக்டரம்மா ஒரு விஷயத்தைத் தீர்மானமாகச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. மாமி எல்லார் வாயிலும் சர்க்கரை போட்டாள். மாமா தன் பெயரை லத்தீனில் எப்படி எழுதுவார்கள் என்று என்னிடம் விசாரித்தார். பூ ஸ்பிரிட் பாட்டிலுக்குள் போயிற்று.

மறுநாள் காலை என் வீட்டு மணி அடித்தது. டாக்டரம்மா நின்றுகொண்டிருந்தார். கையில் அந்த பாட்டில். ஸ்பிரிட் லேசாக ரோஸ் நிறத்தில் இருந்தது.

"செக்ரட்டரி சார், நேத்து நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கறேன். அது புள்ளி இல்லை. குங்குமம்."

பிள்ளையாருக்கு அர்ச்சனை செய்த குங்குமம் பூவின் ரோமங்களில் ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது. ஸ்பிரிட்டில் போட்டதும் கரைந்துவிட்டது. பூவின் நடுப்பாகமோ மாமா சந்தனத்தில் அழுத்தியதில் நசுங்கிப்போயிருந்தது. அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. இதை அவர் பன்னிரண்டு வீட்டிலும் மணி அடித்து, அதே வார்த்தைகளில், ஒவ்வொருவராகச் சொன்னார். படியில் எதிரே வந்த மீன்காரம்மாவையும் விடவில்லை. அவள், "குங்குமம்னா நல்ல சேதிதானமா, இதுக்கு ஏன் மூஞ்ச தூக்கி வச்சிக்கினு கீற?" என்றாள்.

"பூ பொய் சொல்லாதுன்னு சொன்னேன் சார்" என்றார் என்னிடம். "அது பொய் சொல்லலை. அவசரத்துல நான்தான் பொய் சொல்லிட்டேன்."

மாமாவுக்குக் குற்ற உணர்ச்சி. அதைக் காட்டத் தெரியாமல் யோசனை சொன்னார். "குங்குமம்னு உங்களுக்கும் எனக்கும்தானே தெரியும்? புள்ளின்னே எழுதிடுங்கோளேன். யார் வந்து பார்க்கப்போறா?"

டாக்டரம்மாவுக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. நிதானமாகச் சொன்னார். "மாமா, நான் எழுதினதைப் படிச்சுட்டு ஒரு பொண்ணோ பையனோ அந்த மலைக்குப் போவாங்க. புல்லுல குப்புறப் படுத்து, புள்ளி போட்ட பூவைத் தேடுவாங்க. கிடைக்காது. கிடைக்காம வாழ்நாள் பூரா தேடுவாங்க. அது பாவம் இல்லையா?"

மாமா கீழே இறங்கிப் போனார்.

அடுத்த நாள் விடியற்காலையில் டாக்டரம்மா கதவைத் திறந்தால், வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, கொக்கித் தடியை மடியில் வைத்துக்கொண்டு மாமா உட்கார்ந்திருந்தார். கடுகளவு மொட்டு ஒன்று பாக்கி இருந்ததே, அதற்குக் காவல். அது உதிராமல் இருந்தால்தான் உண்டு. சொன்னபடி வராத மெக்கானிக்கைக் கையோடு கூட்டிவந்து ஏசியைச் சரிசெய்ததும் மாமாதான். தெருவில் அந்த வாரம் முழுக்கச் செம்பருத்தியும் நந்தியாவட்டையும் செடியிலேயே இருந்தன. மாமாவுக்கு என்ன உடம்பு என்று இரண்டு வீட்டில் விசாரித்தார்கள். மாமி மட்டும், "பூப்பறிக்கறவரையே பூவுக்குக் காவல் போட்டிருக்கேளே, நன்னா இருக்கு" என்று காபியை மேலே கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போவாள்.

மொட்டு கடுகிலிருந்து மிளகானது. மிளகிலிருந்து புளியங்கொட்டையானது. ஒருநாள் காலை நான் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது அந்த நாற்றம் வந்தது. செத்த எலி. பிரஷ்ஷோடு ஓடினேன். எனக்கு முன்னால் ஏழெட்டுப் பேர் படியில் ஏறிக்கொண்டிருந்தார்கள். கர்ப்பக்கிரகத்துக்குள் எட்டிப் பார்ப்பது மாதிரி ஒருவர் தோள் மேல் ஒருவர் எட்டிப் பார்த்து, மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். அப்படி ஒரு நாற்றம் எங்களுக்கு அப்படி ஒரு சந்தோஷத்தைக் கொடுத்தது. மாமா எங்கள் முகங்களையே மாறி மாறிப் பார்த்தார். "நன்னா நார்றதா?" என்று ஆவலாகக் கேட்டார். "பிரமாதமா நார்றது" என்றாள் மாமி.

இந்தத் தடவை டாக்டரம்மா வாயைத் திறக்கவில்லை. பார்த்தார், வரைந்தார், அளந்தார். வெளியூர் நிபுணர்களுக்குப் படம் அனுப்பினார். அவர்கள் கேட்டதற்கெல்லாம் பதில் அனுப்பினார். எங்களுக்கோ தலை வெடித்துவிடும்போல் இருந்தது. கடைசியில் ஒருநாள் மாமா வீட்டு வாசலில் நின்று, சத்தம் போடாமல், "புதுசுதான் மாமா" என்றார். பூவின் நடுவே இருக்கும் ஒரு சின்னக் கிரீடம் மாதிரியான உறுப்பு, வேறெந்தச் செடியிலும் இல்லாத மாதிரி மடிந்திருந்ததாம். மாமா கையெடுத்துக் கும்பிட்டார். அவரையா, பூவையா என்று தெரியவில்லை.

அவர் எழுதியது அச்சில் வரப் பல மாதங்கள் ஆயின. வந்ததும் பொதுக்குழுக் கூட்டத்தில் ஒரு விஷயம் சொல்லவேண்டும் என்று கேட்டுக்கொண்டார். பெயர் அறிவிக்கப்போகிறார் என்று பரவிவிட்டது. எங்கள் சங்கத்தின் சரித்திரத்தில் எல்லா வீட்டிலிருந்தும் ஆள் வந்த கூட்டம் அது ஒன்றுதான். மாமா இஸ்திரி போட்ட சட்டையில் முன்வரிசையில் இருந்தார். நானும் அன்று முகச்சவரம் செய்துகொண்டிருந்தேன்.

டாக்டரம்மா அந்த லத்தீன் பெயரை இரண்டு முறை படித்தார். எங்கள் யார் பெயரும் அதில் இருப்பதாகத் தெரியவில்லை.

"அப்படின்னா?" என்றார் மாமா.

"புள்ளி இல்லாததுன்னு அர்த்தம் மாமா."

மாமா யோசித்தார். "இந்தச் செடிக் கூட்டத்துல எதுக்குமே புள்ளி கிடையாதுன்னு நீங்கதானே சொன்னேள்? பின்னே, இது ஒண்ணுக்கு மட்டும் புள்ளி இல்லைன்னு எதுக்கு..."

பின்வரிசையிலிருந்து மாமிதான் முதலில் சிரித்தாள். அடக்கமாட்டாமல், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அப்புறம் எனக்கு விளங்கியது. அப்புறம் ஒவ்வொருவராக எல்லாருக்கும். மாமாவுக்குத்தான் கடைசியாக. அவர் காதெல்லாம் சிவந்துபோயிற்று.

"அப்போ அது எங்காத்துக் குங்குமமா?"

"உங்காத்துக் குங்குமம்தான் மாமா" என்றார் டாக்டரம்மா.

எந்த ஊரில் எந்தத் தாவரவியல்காரர் அந்தப் பெயரைப் படித்தாலும், எதற்கு இப்படி வைத்தார்கள் என்று தலையைச் சொறிந்துகொள்ளத்தான் வேண்டும். விஷயம் தெரிந்தவர்கள் மந்தைவெளியில் பன்னிரண்டு வீட்டுக்காரர்களும், பட்டினப்பாக்கத்தில் ஒரு மீன்காரம்மாவும்தான். கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போனதும் மாமா பிள்ளையாருக்கு வழக்கத்தைவிடப் பெரிதாக ஒரு குங்குமப் பொட்டு வைத்தாராம். "உம்ம பேரை வெச்சுட்டா ஓய்" என்று அவர் காதில் சொன்னதாக மாமி சொன்னாள்.